பயிற்சியாளரின் பெட்ரோல் செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா?

கேள்வி, ஜூன் 8, 2025

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கபடிப் பயிற்சியாளர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பகலில் தனியார் பள்ளியில் மாதச் சம்பளம். மாலையில் இரண்டு அகாடமி. சனி, ஞாயிறு வந்தால் போட்டி, தேர்வு முகாம் என்று நாங்குநேரி, அம்பை, தென்காசி என ஓட்டம்தான். பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தே கை காலியாகிறது. வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். பள்ளிக் கணக்கர் முடியவே முடியாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?"

ஜூன் 9

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், தம்பி. உங்கள் கைக்கு வருவது இரண்டு வகைப் பணம். அதைப் பிரித்துப் பார்க்காமல் எவ்வளவு பேசினாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

பள்ளி தருவது சம்பளம். அதற்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் வரி பிடிப்பார்கள், பிடித்ததற்குச் சான்றாகப் படிவம் 16 தருவார்கள். சம்பளக்காரர் தன் கையிலிருந்து போட்ட பெட்ரோலைச் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டத்தில் வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நிலையான கழிவு என்று ஒன்று உண்டு. 2024-25 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000. நீங்கள் மைதானத்துக்கு நடந்தே போனாலும் அதுதான், நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் அதுதான். முன்பு மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு விலக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டுத்தான் நிலையான கழிவைக் கொண்டுவந்தார்கள்.

அகாடமி தருவது தொழில்முறைக் கட்டணம். அதில் 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் பிடிப்பார்கள், படிவம் 16ஏ தருவார்கள். இந்த வருமானத்துக்கு 37(1) பிரிவு பொருந்தும். தொழிலுக்காகவே முழுமையாகச் செய்த செலவு, சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இல்லாதது என்றால் கழிக்கலாம். பயணம் அதில் அடங்கும்.

வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, எந்தப் பணத்துக்கு நேரே எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜூன் 9, இரவு

"பயிற்சியாளர் என்றால் தொழில்முறையாளர் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று இன்னொருவர் கேட்டார். 2008 ஆகஸ்ட் 21 தேதியிட்ட நேரடி வரிகள் வாரிய அறிவிக்கையில் எழுதியிருக்கிறது. விளையாட்டு வீரர்கள், நடுவர்கள், பயிற்சியாளர்கள், அணி மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள், வர்ணனையாளர்கள் ஆகியோரை 194ஜே பிரிவுக்காக அதில் சேர்த்தார்கள்.

ஜூன் 15

எந்தப் பயணத்தைக் கழிக்கலாம், எதைக் கூடாது? நானும் பயிற்சியாளன்தான், நான் கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருவது கணக்கிலேயே வராது. பள்ளி முடிந்து நேரே அகாடமி மைதானத்துக்குப் போவதை எழுதுகிறேன். ஓர் அகாடமியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும் எழுதுகிறேன். அகாடமிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கோ திண்டுக்கல்லுக்கோ போட்டிக்குப் போனால் கட்டாயம் எழுதுகிறேன். வீட்டிலிருந்து தினமும் ஒரே மைதானத்துக்குப் போய்வருகிற பயணத்தை எழுதுவதில்லை. அது தொழில் செலவா, சொந்தப் போக்குவரத்தா என்று அதிகாரி கேட்டால் எதிர்த்து வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை.

எழுதுவது என்றால் உண்மையிலேயே நோட்டில் எழுதுவது. என் நோட்டிலிருந்து ஒரு பதிவு இது: "மே 17. பாளை – அம்பை. அகாடமியின் கோடை முகாம், காலை 6 முதல் 8.30 வரை. கிளம்பும்போது மீட்டர் 41,206. திரும்பும்போது 41,281. அழைத்தவர் முகாம் பொறுப்பாளர், வாட்ஸ்அப்பில் செய்தி இருக்கிறது. சேரன்மகாதேவியில் பஞ்சர், 120 ரூபாய், ஜிபே." ஐந்து வரிகூட இல்லை. யார் கேட்டாலும் அன்று எங்கே போனேன், எதற்குப் போனேன், யார் கூப்பிட்டுப் போனேன் என்று காட்டிவிடலாம்.

பெட்ரோல் பங்க் ரசீதையும் பஸ் டிக்கெட்டையும் அப்படியே நம்பி இருக்காதீர்கள். இயந்திரத்தில் அச்சாகும் அந்தத் தாள் சட்டைப் பையில் வியர்வை பட்டால் ஒரு வாரத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய இடத்திலேயே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். காரில் போகிறவர்களுக்கு நாங்குநேரி சுங்கச்சாவடியின் ஃபாஸ்டாக் பதிவு நல்ல சாட்சி. தேதி, நேரம் இரண்டும் அதில் இருக்கும்.

போன நிதியாண்டுக்கு நோட்டே போடாதவர்கள் யுபிஐ பதிவுகள், ரயில் முன்பதிவுக் குறுஞ்செய்திகள், போட்டி அழைப்பிதழ்கள் இவற்றை வைத்து எவ்வளவு நிரூபிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் போடுங்கள். இன்று உட்கார்ந்து போன வருஷத்துக்கு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நோட்டு எழுதாதீர்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஜூன் 22

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தென்காசியில் தேர்வு முகாம். குடும்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், முகாம் முடிந்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, மறுநாள் திரும்பினால்?

தென்காசி வரை போய்வந்த செலவில் தொழிலுக்கு உரிய பங்கை எழுதலாம். அருவிக்குப் போன கிலோமீட்டரும் அன்றிரவு அறை வாடகையும் குடும்பச் செலவு. வாகனத்தைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால் தொழிலுக்கு உரிய பகுதி மட்டுமே கழியும் என்று 38(2) பிரிவே சொல்கிறது. முகாமே இல்லாமல் முகாம் என்று எழுதுவதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஜூன் 29

மெல்போர்னில் இருக்கும் என் பழைய மாணவர் ஒரு தகவல் அனுப்பினார். ஆஸ்திரேலியாவில் சொந்தக் காரை வேலைக்காக ஓட்டினால் 2024-25 வரி ஆண்டுக்குக் கிலோமீட்டருக்கு 88 சென்ட் வீதம், ஒரு காருக்கு 5,000 கிலோமீட்டர் வரை கேட்கலாமாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் தொடர்ந்து 12 வாரம் பயணக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். அங்கே சம்பளக்காரரும் கேட்கலாம். அமெரிக்காவில் சுயதொழில் செய்பவருக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யூடியூபில் இத்தகைய காணொளிகளைப் பார்த்துவிட்டு "கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய்" என்று நம் ஊர்ப் படிவத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே சுயதொழில்காரருக்கு அப்படி ஒரு நிர்ணய விகிதம் கிடையாது. உண்மையில் செலவான தொகைதான். ஆனால் அவர்களுடைய குறிப்பேட்டுப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

ஜூலை 6

"44ஏடிஏ பிரிவில் போட்டுவிடுங்கள், பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்கே வேண்டாம்" என்று ஜங்ஷன் பக்கம் ஒரு வரி முகவர் எல்லோருக்கும் சொல்லிவருகிறாராம். வள்ளியூர்த் தம்பிக்கும் அதே ஆலோசனைதான் கிடைத்திருக்கிறது.

அந்தப் பிரிவு 44ஏஏ(1)இல் சொல்லப்பட்ட தொழில்களுக்கு மட்டும்தான். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், பின்னால் அறிவிக்கப்பட்ட திரைக்கலைஞர், கம்பெனிச் செயலர் போன்றவை அந்தப் பட்டியல். விளையாட்டுப் பயிற்சியாளரை அதில் காணோம். நான் மேலே சொன்ன 2008 அறிவிக்கை வரி பிடிக்கும் 194ஜே பிரிவுக்காக மட்டும் வந்தது. பிடிப்பதற்கு நம்மைத் தொழில்முறையாளர் என்கிறார்கள், சலுகைப் பட்டியலில் நம் பெயர் இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே மனத்தாங்கல் உண்டு. ஆனால் சட்டம் இருக்கிற நிலையில் வரவையும் செலவையும் முறையாக எழுதி, தொழில் வருமானம் உள்ளவருக்கான ஐடிஆர்-3 படிவம் போடுவதே பாதுகாப்பு.

ஜூலை 13

முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 26ஏஎஸ்ஸில் 194ஜே என்று இருப்பது ஓர் அடையாளம்தான், முடிவான சாட்சியாகாது. ஓர் அகாடமி உங்களுக்கு மாதாமாதம் ஒரே தொகை தருகிறது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறது, விடுப்புக்கு விண்ணப்பம் கேட்கிறது, வேறு எங்கும் பயிற்சி தரக் கூடாது என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் நடைமுறையில் ஊழியர்தான். வரியை எந்தப் பிரிவில் பிடித்திருந்தாலும் அதிகாரி உறவின் தன்மையைப் பார்த்து அதைச் சம்பளம் என்று சொல்ல இடம் இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால் எழுதிய பயணச் செலவு அத்தனையும் போய்விடும். ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். கடிதமே இல்லை என்றால் வாங்குங்கள்.

ஜூலை 16

இரண்டு நாளுக்கு முன்பு வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகளைப் போட்டுத் திருப்புத்தொகை வாங்கித்தரும் முகவர்களையும் இடைத்தரகர்களையும் குறிவைத்த சோதனை. தமிழ்நாடும் அதில் உண்டு. "வரும் பணத்தில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று பேசுகிறவர் கையில் உங்கள் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். வருமானத்தை வேண்டுமென்றே தவறாகக் காட்டியதாக முடிவானால் 270ஏ பிரிவில் அந்த வருமானத்துக்கான வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அபராதம் விழுவது உங்கள் பெயரில், முகவர் பெயரில் இல்லை.

ஜூலை 27

இனி நான் எழுத நினைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

குறுவட்டப் போட்டிகள் வந்துவிட்டால் ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் சட்டைப் பை என்ன பாடு படும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பள்ளி ஓ.டி. (வெளிப்பணி அனுமதி) கொடுக்கும், பணம் கொடுக்காது. காலை ஐந்தரைக்கு வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் நிற்பார்கள். அதில் நான்கைந்து பேர் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். ஒருத்தி பஸ் காசுகூடக் கொண்டுவந்திருக்க மாட்டாள், கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். வெறும் வயிற்றோடு பிள்ளையைக் களத்தில் இறக்க எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்? இட்லி வாங்கித் தருவோம், டிக்கெட் எடுப்போம், முழங்கால் பட்டை வாங்குவோம். ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி, அதிலும் ஜெயித்தால் மாநிலம். ஜெயிக்க ஜெயிக்க நம் செலவு ஏறும்.

இந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரிப் படிவத்தை எவ்வளவு புரட்டினாலும் கிடைக்காது. வழி வேறு இடத்தில் இருக்கிறது. 10(14) பிரிவும் அதற்கான 2பிபி விதியும் சொல்வது இது: பணி நிமித்தம் வெளியூர் செல்லும் பயணச் செலவுக்காகவும், வழக்கமான பணியிடத்தை விட்டு வெளியே இருக்கும் நாட்களின் அன்றாடச் செலவுக்காகவும், பணியின் பொருட்டு ஆகும் போக்குவரத்துக்காகவும் முதலாளி தரும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு, வரி கிடையாது. புதிய வரிமுறையிலும் இந்த விலக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது.

ஆகவே ஜூலையில் ஆடிட்டரிடம் கேட்பதால் பயனில்லை. ஏப்ரலில் பள்ளித் தாளாளரிடம் கேட்க வேண்டும். நியமனக் கடிதத்தில் ஒரு வரி போதும்: "அணியை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் நாட்களில் பயிற்சியாளரின் பயணம், உணவு, தங்குதல் செலவு, அவர் தரும் பட்டியலின்படி, பயணப் படியாக வழங்கப்படும்." பிள்ளைகளின் டிக்கெட்டும் உணவும் பள்ளியின் நேரடிச் செலவு என்று அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2

ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் தாளாளர், எல்லாம் சம்பளத்திலேயே அடக்கம் என்கிறார்." அப்படியானால் அந்த அடக்கத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. மொத்தத்தில் ஒரு பகுதி பயணப் படியாக வந்தால், போட்டிகளுக்கு உண்மையில் போய்வந்த அளவுக்கு உங்களுக்கு வரி இல்லை. போகாத பயணத்துக்கு வந்த தொகை வரிக்கு உட்பட்டதுதான். "விளையாட்டுப் படி" என்று கணக்கு கேட்காமல் மாதாமாதம் தந்தால் அது வெறும் சம்பளம், விலக்கு எதுவும் வராது.

ஆகஸ்ட் 3

வள்ளியூர்த் தம்பிக்காக ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு, 2024-25 நிதியாண்டு, புதிய வரிமுறை.

பள்ளிச் சம்பளம் ஆண்டுக்கு 5,60,000. நிலையான கழிவு 75,000 போக 4,85,000. அகாடமிக் கட்டணம் 2,80,000. அதில் 28,000 பிடித்தம். பயணச் செலவே காட்டவில்லை என்றால் மொத்த வருமானம் 7,65,000. வரி 26,500, செஸ் என்னும் கூடுதல் வரி சேர்த்து 27,560. பிடித்ததில் கிட்டத்தட்ட அத்தனையும் போயிற்று.

அதே ஆள் அகாடமி வேலைக்காக அலைந்த பெட்ரோல், ரயில் டிக்கெட், வெளியூரில் தங்கியது, வண்டிப் பழுது என்று சான்றோடு 70,000 காட்டினால் மொத்தம் 6,95,000. ஏழு லட்சத்துக்குள் வந்துவிட்டதால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி பூஜ்யம். 28,000 முழுவதும் திரும்ப வரும்.

"புதிய முறையில் எந்தக் கழிவும் கிடையாது" என்கிற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். சேமிப்பு, காப்பீட்டுக்கான 80சி போன்றவை கிடையாது, உண்மைதான். தொழில் வருமானத்தை ஈட்டுவதற்கு ஆன செலவை எந்த முறையிலும் கழிக்கலாம்.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். நம் தொழிலில் பலருடைய மொத்த வருமானம் எப்படியும் ஏழு லட்சத்துக்குக் கீழேதான். நடப்பு 2025-26இல் புதிய முறையின் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாகிவிட்டது. அவர்களுக்குச் செலவைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் வரி பூஜ்யம். படிவம் போட்டால் பிடித்த பணம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று: வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் மூன்று ஆண்டுப் படிவம் கேட்கிறார்கள். செலவை ஏற்றி வருமானத்தை இறக்கியவருக்குக் கடனும் இறங்கும். அதற்காக உண்மையான செலவை மறைக்கச் சொல்லவில்லை. இல்லாத செலவை எழுதுகிறவர் இதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 17

வண்டியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பைக் வாங்கிய விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது, அது மூலதனம். ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், தொழிலுக்கு ஓடிய பங்கு மட்டும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. காப்பீடு, பழுது இவற்றிலும் அதே பங்கு.

அணிக்கு வேன் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் தள்ளப்படும். வேன் ஓட்டுநர் ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். உரிமையாளரின் வங்கிக் கணக்கை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 24

பெண் பயிற்சியாளர் ஒருவர் கேட்டது: சாதாரண நகரப் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போய்வருகிறேன், ஆண் பயிற்சியாளர் அதே தடத்தில் டிக்கெட் காட்டிக் கழிக்கிறார், நானும் அந்தத் தொகையைப் போடலாமா? கூடாது, தங்கச்சி. 2021இல் அந்த இலவசப் பயணம் வந்த பிறகு உங்கள் கையிலிருந்து அதற்குப் பணம் போகவில்லை. போகாத பணத்துக்குக் கழிவில்லை. புறநகர்ப் பஸ், ரயில், ஆட்டோ இவற்றுக்குக் கொடுத்ததை எழுதுங்கள்.

கோவில் கொடையையொட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டியில் நடுவராக நின்றால் விடியற்காலையில் துண்டும் உறையும் தருவார்கள். உறையில் இருப்பதும் வருமானம்தான். அதை வரவில் எழுதினால் அந்த ஊருக்குப் போய்வந்த பெட்ரோலையும் செலவில் எழுதலாம். வரவை விட்டுவிட்டுப் பெட்ரோலை மட்டும் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோட்டைப் புரட்டுகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

செப்டம்பர் 7

கடைசித் தேதி இந்த ஆண்டு ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளப்பட்டது எல்லோருக்கும் தெரியும். சம்பளமும் அகாடமிக் கட்டணமும் இருப்பவர் ஐடிஆர்-1 போடக் கூடாது, ஐடிஆர்-3தான். பழைய முறை வேண்டும் என்பவர் படிவம் 10-ஐஇஏவைக் கடைசித் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் ஆண்டுதோறும் மாறி மாறித் தாவ முடியாது என்பதால் யோசித்துச் செய்யுங்கள். பயணச் செலவுக்காக மட்டும் பழைய முறைக்குப் போகத் தேவையே இல்லை.

செப்டம்பர் 16

இணையதள நெரிசலால் ஒரு நாள் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்குத்தான் கடைசி. வள்ளியூர்த் தம்பி நேற்றிரவே போட்டுவிட்டாராம். அகாடமிப் பயணத்தில் சான்று இருந்ததை மட்டும் எழுதினாராம். தொகை அவர் எதிர்பார்த்ததில் பாதிதான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காட்டக் காகிதம் இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. நான் மேலே எழுதியவை 1961 சட்டத்தின் பிரிவு எண்கள், புதிய சட்டத்தில் அவை மாறும். அதற்குள் பள்ளிக் கடிதத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும் வேலையைப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் இரண்டு தாளாளர்கள் அடுத்த கல்வியாண்டு முதல் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பிள்ளைகளின் உணவுச் செலவையும் பள்ளியே ஏற்கும் என்று எழுதித் தந்துவிட்டார். கடித மாதிரி வேண்டுபவர்கள் சொல்லுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.